ஒரகடத்தில் இருபது திருஷ்டி முகங்கள்

மலேசியாவில், கிள்ளான் நீதிமன்றத்தில் இருபத்தேழு ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அந்த வேலையில் ஒரு விதி உண்டு. கூண்டில் நிற்பவர் தமிழில் 'நான் கத்தியை எடுத்தேன்' என்றால், நீதிபதியிடம் 'அவர் கத்தியை எடுத்தாராம்' என்று சொல்லக் கூடாது. 'நான் கத்தியை எடுத்தேன்' என்றே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அப்படி என் வாயால் நான் ஒப்புக்கொண்ட திருட்டு, அடிதடி, கள்ளச் சாராயம் எல்லாவற்றுக்கும் தண்டனை கொடுத்திருந்தால் இன்னும் நான் உள்ளேதான் இருக்க வேண்டும். ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்கார்ந்து எனக்காக நானே பேச ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதனால் டேவ் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன்.

டேவ் பெட்டாலிங் ஜெயாக்காரர். பிறப்புச் சான்றிதழில் தேவராஜன். முகமூடி போட்டால் மனிதன் தன் உண்மையான முகத்தைக் காண்பான், உடையை மாற்றினால் உள்ளே பூட்டி வைத்தது வெளியே வரும் என்று மூன்று நாள் பயிற்சி நடத்துகிறவர். வங்கி அதிகாரிகளும் காப்பீட்டு முகவர்களும் அவர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார்களாம். இந்த முறை அழைத்தது சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் கார்க் கதவுகளுக்குத் தகடு அடிக்கும் ஒரு தொழிற்சாலை. அழ வேண்டியவர்கள் அங்கே வேலை செய்யும் தொழிலாளிகள். அவர்களுக்குத் தமிழ்தான் வரும். டேவுக்குத் தமிழ் வராது. அதை எந்த முகமூடிக்குப் பின்னால் தொலைத்தார் என்று நான் கேட்கவில்லை. என் பெயர் பத்மாவதி. அவர் என்னை 'பேட்' என்பார்.

சென்னையில் நாங்கள் இறங்கினோம், முகமூடிகள் இறங்கவில்லை. பாலித் தீவில் செதுக்கிய இருபது மர முகங்கள் இருந்த பெட்டி வழியில் எங்கோ தங்கிவிட்டது. பெட்டியில் என்ன இருந்தது என்று விமான நிலைய அதிகாரி கேட்டதற்கு டேவ் ஆங்கிலத்தில் உருக்கமாக, "மனிதர்களின் உள்முகங்கள்" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். "மரப் பொம்மைங்க சார்" என்றேன். கூட்டாதே, குறைக்காதே என்ற விதியை இந்திய மண்ணில் கால் வைத்த அரை மணி நேரத்தில் மீறினேன்.

தங்கியது ஸ்ரீபெரும்புதூரில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு விடுதியில். சாப்பாட்டுப் பட்டியல் நான்கு மொழிகளில் இருந்தது. இரண்டுதான் எனக்குப் படிக்க வந்தன. பக்கத்து மேசையில் ஒரு வெளிநாட்டு இன்ஜினியர் மெதுவடையின் ஓட்டைக்குள் முள்கரண்டியை விட்டுத் தூக்கிப் பிடித்து, அது எந்த இயந்திரத்தின் பாகம் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறியவரிடம் எங்கள் ஊர் வழக்கப்படி, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். கிள்ளானில் அது காலை வணக்கம் மாதிரி. அவர் கலவரமாகிச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் இல்ல மேடம், ஏன், இன்னா ஆச்சு?" என்றார். பரிமாறுகிறவரிடம் இங்கே யாரும் அதைக் கேட்பதில்லை போலிருக்கிறது. பொங்கலில் நெய் தாராளம், காபியில் அளவு கஞ்சம். எங்கள் ஊரில் கோப்பி என்றால் குவளை நிறைய வரும். இங்கே மருந்து அளவுதான் வந்தது. ஆனால் மருந்து வேலை செய்தது.

பயிற்சி மறுநாள் தொடக்கம். அதற்குள் இருபது முகமூடி வேண்டும். சிங்கப்பெருமாள் கோவில் கடைத்தெருவில் கிடைக்கலாம் என்று விடுதிக்காரர் சொன்னார். தொழிற்சாலையின் கார் அன்று எங்களுக்கு இல்லை. இரண்டு ஷேர் ஆட்டோ மாறிப் போனோம். ஏழு பேர் உட்காரும் இடத்தில் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஏறிய பெண் ஒருத்தி தன் சாப்பாட்டுப் பையை டேவின் மடியில் வைத்தாள். டேவ் அதை ஏதோ அன்பளிப்பு என்று நினைத்துக் கண் மூடிக் கை கூப்பினார். இறங்கும்போது அவள் பையை வாங்கப் பார்க்க, அவர் கொடுக்கத் தயங்க, நான் குறுக்கே புகுந்து சாப்பாட்டைக் காப்பாற்றினேன்.

கடைத்தெருவில் குழந்தைகளுக்கான சிங்க முகம் இரண்டு கிடைத்தது. பெரியவர்கள் முகத்துக்கு அது மூக்கு வரைதான் வந்தது. கடைசியில் ஒரு பூசைப் பொருள் கடையில்தான் கண்டோம்: வாசலில் கொத்தாகத் தொங்கிய திருஷ்டி முகங்கள். முறுக்கு மீசை, பிதுங்கிய கண், மார்பு வரை நீண்ட சிவப்பு நாக்கு. வழியெல்லாம் பாதி கட்டிய கட்டடம் ஒவ்வொன்றின் நெற்றியிலும் தொங்கியது இதுதான். இருபது வேண்டும் என்றதும் கடைக்காரர், "எத்தினி கட்டடம் கட்றீங்க?" என்று கேட்டார். கட்டடத்துக்கு இல்லை, மனிதர்களுக்கு என்றேன்.

"மனுஷனுக்கா? அப்ப இது பத்தாதே மேடம்" என்றார் அவர்.

டேவ் ஒரு முகத்தைக் கையில் ஏந்தி, என்ன ஒரு ஆதி முகம், மனித குலத்தின் அடிமனம் என்று உருகினார். அவருடைய அப்பா வீட்டு வாசலிலும் இது தொங்கியிருக்கும். அதையும் மறந்திருக்க வேண்டும்.

மறுநாள் தொழிற்சாலையில்தான் தெரிந்தது, அந்த முகங்களுக்குக் கண்ணில் ஓட்டை இல்லை. கட்டடத்துக்கு வெளியே பார்க்க வேண்டிய அவசியம் என்ன? பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர் துளைக்கருவியோடு வந்து பத்து நிமிடத்தில் நாற்பது ஓட்டை போட்டார். கூட வந்த தரச் சோதனைக்காரர் ஒவ்வொன்றையும் அளந்து, ஒன்றில் இடது கண் பெரிதாக இருக்கிறது என்று ரிஜெக்ட் செய்து, சரிசெய்த பிறகுதான் கொடுத்தார். மூன்று நாள் பயிற்சியில் முழு ஈடுபாட்டோடு நடந்த வேலை அது ஒன்றுதான் என்பேன்.

எங்களை வரவேற்றவர் மனிதவள மேலாளர் விக்னேஷ். முப்பத்தைந்து வயது இருக்கும். வெளியே தார் உருகும் வெயிலில் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். அங்கே நிரந்தரத் தொழிலாளிகளுக்கு நீலச் சட்டை, ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குச் சாம்பல் சட்டை. பயிற்சிக்கு வந்த இருபது பேரும் சாம்பல். லைனிலிருந்து யாரை எடுத்தால் உற்பத்தி குறையாது என்று பார்த்து அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கும் குறை இல்லை. ஏசி அறை, உட்கார நாற்காலி, பத்து மணிக்குப் பிஸ்கெட்.

டேவ் முதல் கேள்வியைக் கேட்டார். "உங்களுக்குள் இருக்கும் விலங்கு எது?" முகமூடி மாட்டியிருந்த முதல் ஆள் கொஞ்சம் யோசித்து, "தூக்கம் சார்" என்றார். அப்படியே மொழிபெயர்த்தேன். டேவ் அதில் சுருண்டு படுத்திருக்கும் ஒரு பாம்பைக் கண்டார். இரண்டாவது கேள்வி, முகமூடி உங்களிடம் என்ன சொல்கிறது என்பது. மூச்சு முட்டுகிறது என்று சொல்வதாக மூன்று பேர் சொன்னார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"மேடம், அவராண்ட கேளுங்க. கிரைண்டிங்ல நாங்க டெய்லி மாஸ்க் போட்டுக்கினுதான் நிக்கிறோம். வாரத்துக்கு ஒண்ணுதான் குடுக்கறாங்க. அத்த போட்டு தெரியாத உண்மை, இத்த போட்டா மட்டும் எப்டி தெரியும்?"

டேவ் கண்ணை மூடிக் கேட்டார். இது எதிர்ப்பு, எதிர்ப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் புதையல் இருக்கிறது என்றார். அதைத் தமிழில் சொன்னேன். புதையல் கிடைத்தால் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று அந்தக் குரல் சொல்ல, இருபது மீசைகளும் குலுங்கின. டேவுக்கு அதை மொழிபெயர்த்தபோது ஏனோ யாரும் சிரிக்கவில்லை.

மதியம் எனக்கு அதிகாரிகளின் அறையில் இடம் போட்டிருந்தார்கள், சப்பாத்தியும் பனீரும். நான் தட்டை எடுத்துக்கொண்டு தொழிலாளிகளின் வரிசைக்குப் போனேன். அங்கே சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, அப்பளம். ருசியில் அதுதான் மேல். எதிரே வந்து உட்கார்ந்தவள்தான் அந்தப் பின்வரிசைக் குரல். தமிழரசி, இருபத்தொன்பது வயது, மண்ணூர்க்காரி. நான்கு வருடமாக இங்கே வேலை. அதாவது, ஏழு ஏழு மாதமாக நான்கு வருடம். ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை முடியும், திங்கட்கிழமை புதிதாக ஆரம்பிக்கும்.

"வெள்ளிக்கெழம செத்துடுவேன், திங்கக்கெழம பொறந்துடுவேன் மேடம்" என்றாள். பிறகு என் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, மலேசியாவில் எல்லோரும் இப்படிப் புத்தகம் மாதிரிதான் பேசுவீர்களா என்று கேட்டாள். கோர்ட்டில் பேசிப் பேசி இப்படி ஆகிவிட்டது என்றேன். கோர்ட்டு என்றதும் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அங்கே நான் என்ன வேலை செய்தேன் என்று விவரமாகக் கேட்டாள்.

பயிற்சியின் இரண்டாம் நாள் காலை, டேவ் தனிமையில் மனத்தைத் தயார் செய்ய வேண்டும் என்று முன்னதாகவே காரில் போய்விட்டார். சாலையில் கம்பெனி பஸ் வரும், ஏறிக்கொள்ளுங்கள் என்றார்கள். வந்தது. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை பஸ். ஒரகடம் கம்பெனிதானே என்று ஓட்டுநரைக் கேட்டேன். எல்லாமே ஒரகடம் கம்பெனிதான் என்றார். அது உண்மை. அந்த உண்மை என்னை ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் வாசலில் இறக்கிவிட்டது.

வாசல் காவலர் நான் பேசுவதற்குள் என் தலையில் ஒரு கவசத்தை வைத்து, மஞ்சள் மேல்சட்டை ஒன்றை மாட்டிவிட்டார். அன்று அங்கே யாரோ ஆய்வுக்கு வருவதாக இருந்திருக்கிறது. உள்ளே போனதும் நான்கு ஆண்கள் கைகட்டி என் பின்னால் நடந்தார்கள். ஒருவர் வெப்பநிலை விவரம் சொன்னார். ஏதாவது குறை தெரிகிறதா மேடம் என்று இன்னொருவர் பணிவாகக் கேட்டார். மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சுவரில் தொங்கிய சிவப்பு வாளியைக் காட்டி, "அதில் ஏன் மணல் இல்லை?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேர் மணலுக்கு ஓடினார்கள்.

உண்மையான ஆய்வாளர் வந்து சேர இருபது நிமிடம் ஆனது. அதுவரை யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. இருபத்தேழு வருடம் ஒரு கேள்வியும் சொந்தமாகக் கேட்காதவளுக்கு ஒரு தலைக்கவசமும் மஞ்சள் சட்டையும் அந்த உரிமையைக் கொடுத்துவிட்டன. டேவ் சொல்வதில் ஏதோ இருக்கிறதோ என்று அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை, ஏற்கெனவே அவருக்குத் தன்னம்பிக்கை அதிகம்.

அன்று மாலை டேவ் கடைசி நாளுக்கான திட்டத்தை அறிவித்தார். உடை மாற்றம். மேற்பார்வையாளர் தொப்பி, பொறியாளர் அங்கி, விக்னேஷின் கோட்டு எல்லாவற்றையும் ஒரு திரைக்குப் பின்னால் குவித்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு, முகமூடியோடு வந்து நடிக்கலாம். முகமூடிக்குள் இருப்பது யார் என்று ஒருவரும் கேட்கக் கூடாது, அது புனிதம். தொழிற்சாலையின் தலைமை நிர்வாகி பார்க்க வருவார். அவர் வெளிநாட்டுக்காரர், எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை, எந்த நாடாக இருந்தாலும் நடந்திருப்பது இதுதான். படங்கள் நன்றாக வரும் என்று விக்னேஷ் கோட்டைத் தர மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு தமிழரசி என்னிடம் வந்தாள். "நாளைக்கி நாங்க இன்னா பேசினாலும் அப்டியேதான் சொல்லுவீங்களா?"

அப்படியேதான் என்றேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்.

"யாராவது வேணான்னு சொன்னா?"

நீதிபதியே சொன்னாலும் மாற்ற முடியாது, அதுதான் விதி என்றேன். விமான நிலையத்து மரப் பொம்மைகளைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கடைசி நாள் தலைமை நிர்வாகி முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பக்கத்தில், எனக்கு அடுத்து விக்னேஷ், கோட்டில்லாமல் பாதியாகச் சுருங்கிப்போய். முதலில் தொப்பி போட்ட திருஷ்டி முகம் ஒன்று வந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவனை வழிமறித்து, நீ போனால் லைனை உன் மாமனா பார்ப்பான் என்று கத்தியது. நிர்வாகி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். டேவ் கேமராக்காரரிடம் சைகை காட்டினார்.

அடுத்து கறுப்புக் கோட்டு வந்தது. மேசைக்குப் பின்னால் நிதானமாக உட்கார்ந்து, கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டது. சாம்பல் சட்டை ஒன்று எதிரே வந்து நின்று வலது கையை நீட்டியது. இரண்டு விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கியிருந்தது. அறையில் சிரிப்பு நின்றது.

கோட்டு பேசியது. வழக்கமான குரல் இல்லை. மெதுவான, இனிப்பான, படித்த குரல். "உட்காரும்மா. டீ சொல்லட்டுமா? நீ நம்ம குடும்பத்துப் பொண்ணு. ஹாஸ்டல் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன், விரல் கதவுல மாட்டிக்கிச்சுன்னு எழுதியிருக்கோம். படிச்சிட்டுக் கையெழுத்துப் போடு." காகிதத்தை நீட்டிவிட்டு, மடங்கிய விரல்களைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தது. "பரவால்லம்மா. எடது கையாலயே போடு."

அது தமிழரசி என்று எனக்குத் தெரிந்தது. விக்னேஷுக்குத் தெரியவில்லை. நான்கு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தவள். அவள் குரலை அவர் கேட்டதில்லை.

நிர்வாகி என் பக்கம் சாய்ந்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். இன்னொரு பக்கம் விக்னேஷ் உதடு அசையாமல் தமிழில் சொன்னார்: "ஜெனரலா சொல்லுங்க மேடம். பாதுகாப்பு விழிப்புணர்வு நாடகம்னு சொன்னாப் போதும்." டேவைப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் புன்னகை செய்தபடி, சுருக்கமாகச் சொல் என்று கை காட்டினார்.

நீதிமன்றத்தில் என் பின்னால் சட்டம் நின்றது. இங்கே என் பின்னால் நின்றது பிஸ்கெட் தட்டு. ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு ஊருக்குப் போகலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை, அந்தக் கோட்டுக்குள் இருப்பவளுக்குக்கூட. அவளுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் அவள் பேச்சை நிறுத்திவிட்டு, துளைத்த இரண்டு ஓட்டைகள் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். உட்காரும்மா என்பதிலிருந்து இடது கை வரை, ஒரு சொல்லும் விடாமல், நானே பேசுவதுபோலத் தன்மையில். நிர்வாகி, இது நாடகமா, நடந்ததா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"நாடகம்தான் சார்" என்றது முகமூடி. "டயலாக் மட்டும் நாங்க எழுதல."

அதையும் சொன்னேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் விக்னேஷ் தன் அறைக்கு என்னையும் டேவையும் கூப்பிட்டார். கோட்டு திரும்ப வந்திருந்தது. "உட்காருங்க மேடம். டீ சொல்லட்டுமா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, இருமல் மாதிரி சமாளித்தேன். கோட்டுக்குள் இருந்தது யார் என்று கேட்டார். டேவ் முதலில் முகமூடியின் புனிதம் பற்றி மூன்று வாக்கியம் பேசினார். அடுத்த ஆண்டு மற்ற இரண்டு கிளைகளிலும் பயிற்சி நடத்துவது பற்றி விக்னேஷ் ஒரு வாக்கியம் பேசினார். அதன்பின் டேவ் என் பக்கம் திரும்பி, "பேட்தான் அவர்களோடு சாப்பிட்டாள், அவளுக்குக் குரல் தெரிந்திருக்கும்" என்றார்.

"பேசியது நான்தான்" என்றேன்.

விக்னேஷுக்கு விளங்கவில்லை.

"உங்கள் நிர்வாகிக்குத் தெரிந்த மொழியில் அந்த அறையில் பேசியது நான் ஒருத்திதான். அவர் கேட்டது என் குரலை. யார் என்று எழுத வேண்டுமானால் பத்மாவதி என்று எழுதிக்கொள்ளுங்கள்."

எத்தனையோ முறை பிறருக்காகச் சொன்ன 'நான்'. இந்த முறை அதோடு என் பெயரும் போனது. டேவ் என்னை வெளியே கூட்டிப் போய், நீ என் வேலையைக் கெடுத்துவிட்டாய், உனக்கு உன்னையே தெரியவில்லை என்றார். உங்களுக்குத் தெரிகிறதா தேவராஜன் என்று தமிழில் கேட்டேன். அது புரிந்தது போலிருந்தது.

எனக்குக் கார் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விடுதிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி ஷேர் ஆட்டோ. சிங்கப்பெருமாள் கோவில் போய் மின்சார ரயில் பிடித்தால் திரிசூலம். எதிரே விமான நிலையம். ஒரகடத்தில் வண்டி நின்றபோது ஷிப்ட் முடிந்த கூட்டம் ஏறியது. அதில் தமிழரசி இருந்தாள். அவள் ஊர் எதிர்ப்பக்கம். இடம் கிடைத்ததும் என் பெட்டியைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள்.

ரயில் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள். நாடகத்தில் காட்டிய அந்தப் பெண் பெயர் செல்வி, விருதுநகர்ப் பக்கம், லைனில் இவளுக்கு அடுத்த இடம். தகடு அடிக்கும் பிரஸ்ஸில் கை மாட்டி இரண்டு விரல் போனது. "கேட்டாண்ட போர்டு கீதே, விபத்தில்லாம எத்தினி நாளுன்னு. அத்த அழிக்கக் கூடாதுன்னுதான்" என்றாள். அன்று விக்னேஷ் அறையில் வேறு சிலரோடு இவளும் இருந்திருக்கிறாள். அதனால்தான் அவர் பேச்சு சொல்லுக்குச் சொல் தெரிந்திருக்கிறது.

தைரியமாகச் செய்துவிட்டாய் என்றேன்.

"தைரியம் இல்ல மேடம்." குனிந்துகொண்டாள். "சாட்சி கையெழுத்து போட்டதே நான்தான். ஒப்பந்தம் முடியிற நேரம். போடுன்னாரு, போட்டேன். இன்னிக்கி அந்தக் கோட்ட மாட்னதும் அவரு மாதிரியே தானா வந்துகினே கீது. எடது கையால போடுன்னு சொன்னேனே, அப்ப எனக்கு ஒண்ணுமே ஆவல. அதான் பயமா கீது."

டேவின் வங்கி அதிகாரிகள் எதைக் கண்டு அழுதார்களோ தெரியாது. இவள் அழவில்லை. தான் கண்டதை எழுதிக் கொடுக்க வேண்டும், நிர்வாகிக்குப் புரிகிற மொழியில் எழுதித் தருவீர்களா என்று கேட்டாள். வேலை போகும் என்றேன். "போவட்டும். இங்க கம்பெனிக்கா பஞ்சம்?" என்றாள். சொன்ன முகத்தில் அவ்வளவு வீரம் இல்லை.

என்னிடம் இருந்த காகிதம் டேவின் கருத்துப் படிவம் மட்டும். 'இன்று உங்களை எங்கே கண்டடைந்தீர்கள்?' என்று கேட்டு நான்கு கோடு விட்டிருந்தது. அதன் பின்பக்கத்தில், அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். 'நான் பார்த்தேன். நான் கையெழுத்துப் போட்டேன். அது பொய்.' மூன்று வாக்கியம்தான் முக்கியம். மற்றது தேதியும் பிரஸ்ஸின் எண்ணும். படித்துத் தமிழில் சொல்லிக் காட்டினேன். இரண்டு ரயிலைப் போகவிட்டோம். அவள் தன் பெயரை முழுதாகத் தமிழில் எழுதி, பணியாளர் எண்ணையும் போட்டாள். கீழே, மொழிபெயர்த்தவர் என்று என் பெயரை நான் எழுதினேன்.

கிள்ளானுக்கு வந்து மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. கடிதத்தை நிர்வாகி கையிலேயே கொடுத்தாளாம். செல்வியின் காகிதம் மாறிவிட்டது. வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று எழுதி, அவள் வலது கையின் கட்டைவிரல் ரேகையை வாங்கியிருக்கிறார்கள். அந்த பிரஸ்ஸுக்குக் கை உள்ளே போனால் நின்றுவிடும்படி ஏதோ மாட்டினார்கள். தமிழரசியின் ஒப்பந்தம் ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது, திங்கட்கிழமை ஆரம்பிக்கவில்லை. இப்போது தண்டலம் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறாள். டேவின் பயிற்சி மிகச் சிறப்பாக நடந்ததாக அறிவிப்புப் பலகையில் படம் போட்டிருக்கிறார்களாம். படத்தில் தலைமை நிர்வாகி சிரிக்கிறாராம்.

கடைசி நாள் கணக்கு முடிக்க விக்னேஷ் அறைக்குப் போயிருக்கிறாள். அவர் காகிதங்களைக் கொடுத்துவிட்டு, கதவருகில் அவளை நிறுத்தி, அன்றைக்கு என் கோட்டுக்குள் இருந்தது நீதானே என்று கேட்டாராம். ஆமாம் என்றிருக்கிறாள். அவர் திட்டவில்லை. "நான் அப்படியா பேசறேன்?" என்று கேட்டிருக்கிறார்.

"கொறச்சிதான் சார் பேசினேன்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.